பாதாம் கண்

ஞாயிறு பூசை முடிந்து நேராக முத்தியால்பேட்டையில் கலைவாணி வீட்டுக்கு வந்துவிட்டார் விக்டர். இது மூன்றாவது வாரம். விற்பனைக்கு இருந்த பூடில் நாய்க்குட்டிகளில் மிஞ்சியது ஒன்றுதான்.

அதன் முதுகைத் தடவினார். நேராக இருந்தது. சாவிக்கொத்தைக் கீழே போட்டார். குட்டி திடுக்கிட்டது, பிறகு கிட்டே வந்து மோந்து பார்த்தது.

“பயந்து ஓடல பாருங்க” என்றாள் கலைவாணி.

மடியில் மல்லாத்தினார். குட்டி அப்படியே தூங்கிப்போய், கனவில் காலை அசைத்து எங்கோ ஓடியது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். கடல்காற்று வந்து வந்து போனது.

வெகுநேரம் கழித்து இருவரும் விழித்தார்கள்.

“கண்ணு உருண்டையா இருக்கும்மா. பூடிலுக்குப் பாதாம் மாதிரி நீளமா இருக்கணும்.”

“போன வாரம் வாலு சரியில்லன்னீங்க.”

“அடுத்த வாரம் வந்து பாக்கறேன்.”

“இருக்காது சார். நேத்தே வித்துட்டேன்.”

குட்டியைப் பிடித்திருந்த கை இறுகியது. “யாருக்கு?”

“உங்க வீட்டம்மாவுக்கு.”

“அவளுக்கு நாய்னாலே ஆவாதே.”

“பூசை முடிஞ்சதும் எவ வீட்டுக்குப் போறீங்கன்னு பாக்க, போன வாரம் பின்னாலயே வந்தாங்களாம். ‘மாத்திர போட்டாலும் தூங்காத மனுஷன், இத மடியில வச்சினு தூங்கறாரு’ன்னு வாசல்லயே நின்னுட்டாங்களாம்.”

விக்டர் குட்டியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“பாதாம் கண்ணுதாம்மா” என்றார்.