சுக்கான் கைமாற்றம்

நாகப்பட்டினத்து அரிசியைப் பினாங்கில் இறக்கிவிட்டுப் பாக்கு ஏற்றித் திரும்புவதே அந்தப் பாய்மரக் கப்பலின் பிழைப்பு. கடைசிப் பயணத்தில் மணல்திட்டில் மோதி அமிழத் தொடங்கியது. எல்லோரும் படகில் இறங்கிவிட்டார்கள், சுக்கானி காதர்சாவைத் தவிர. இன்னொரு கை வந்து பிடிக்காமல் சுக்கானை விடக்கூடாது என்பது கப்பல் வழக்கம்.

“கப்பலே போச்சு, இறங்குடா,” என்றார் கப்பல் தலைவரான நாகுதா.

“ஆளை அனுப்புங்க நாகுதா, இறங்குறேன்.”

தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. அவனுடைய மச்சான் நெய்னா பொறுக்க முடியாமல் நீந்திப்போய்ச் சுக்கானைப் பிடித்தான். காதர்சா சலாம் வைத்துவிட்டு நீந்திவந்து படகில் ஏறித் தலை துவட்டினான்.

“வா மச்சான், கிளம்பலாம்.”

நெய்னா அசையவில்லை. தண்ணீர் இப்போது மார்பளவு.

“அடுத்த ஆளை அனுப்புங்க நாகுதா.”

படகே நாகுதாவைப் பார்த்தது. அவர் தலைப்பாகையைக் கழற்றத் தொடங்கினார்.