குரைக்காத குட்டி

"தட்டைக் கீழே போடப் போறேன். யாரும் வாயைத் திறக்காதீங்க," என்றார் ராஜபாண்டி.

மல்லாங்கிணற்றில் அவர் வீட்டு முற்றத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். நாய்க்குட்டி வளர்த்துக் கொடுக்கும் ராஜபாண்டி, அவர் மனைவி ஒச்சம்மாள், அருப்புக்கோட்டையிலிருந்து குட்டி எடுக்க வந்த நெசவாளர் திம்மையா, அவர் மகன் சௌந்தர், மருமகள் வேணி. பின்னால் தெருவில் கூடிக்கூடிப் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன், பட்டப்பகலில், திம்மையா வீட்டு முன்னறையிலிருந்து இரண்டு கட்டுச் சேலை திருட்டுப் போனது. அடுத்த அறையில்தான் அவர் இருந்தார். "பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகனும் மருமகளும் தறிக்கூடத்துக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் ஒருவர்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை ஈரோட்டில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சௌந்தர் சொல்லிவிட்டான். பிறந்து வளர்ந்த தெருவை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. அதனால்தான் நாய்.

எந்த நாய் என்பதில் பஸ்ஸிலேயே சண்டை.

"ராஜபாளையம். வெள்ளை. அது வாசல்ல நின்னாலே வீட்டுக்கு ஒரு மதிப்பு," என்றார் திம்மையா.

"நம்ம வீட்டுக்கு லாப்ரடார்தான்ப்பா நல்லது," என்றான் சௌந்தர், பின் சீட்டிலிருந்து.

முன் சீட்டில் இருந்த திம்மையாவின் தலைகூடத் திரும்பவில்லை.

"பாத்தியா, நம்மள மனுசனா மதிச்சாத்தானே," என்று வீட்டில் பேசும் கன்னடத்தில் வேணியிடம் முணுமுணுத்தான்.

வேணிக்கு இது புதிதல்ல. சாப்பாட்டு நேரத்தில் அடுப்படியிலிருந்து மூன்று தடவை "மாமா" என்று கூப்பிடுவாள். வரமாட்டார். எதிரே போய் நின்றால்தான் எழுந்திருப்பார். கட்டிக்கொண்டு வந்த நாலு வருடமாக இப்படித்தான். மருமகள் நேரில் வந்து அழைக்க வேண்டும் என்கிற ஆங்காரம்.

இப்போது முற்றத்தில், எவர்சில்வர் தட்டு வந்தவர்கள் மூவரின் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. குட்டியைக் கொடுக்கும் முன் இப்படிச் சோதித்துப் பார்ப்பது ராஜபாண்டியின் வழக்கம். ஒரு வெள்ளைக் குட்டி ஒச்சம்மாள் சேலைக்குள் புகுந்தது. இன்னொன்று தட்டைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. வேணி துள்ளிவிட்டாள். சௌந்தர் நெஞ்சில் கை வைத்தான்.

திம்மையா மட்டும் கைகளைப் பின்னால் கட்டியபடி, இமைகூட அசையாமல் நின்றார். இதிலுமா கர்வம் என்று நினைத்தாள் வேணி.

மூலையில் ஒரு கறுப்புக் குட்டி. கால்களில் மட்டும் செம்மண் நிறம். அது தட்டைப் பார்த்தது, திம்மையாவைப் பார்த்தது. பிறகு நேராக வந்து அவர் காலில் முன்னங்காலை வைத்து நின்றது.

ராஜபாண்டி தட்டை எடுக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"அய்யா, உங்க வீட்டுக்கு வெள்ளை சரிப்படாது. இந்தக் கன்னி சாதிக் குட்டியை எடுத்துட்டுப் போங்க."

"இது இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் குரைக்கலையேண்ணே," என்றான் சௌந்தர்.

"குரைக்காது தம்பி. வந்து தொடும்."

"நல்லாருக்கு. திருட்டுப் போன வீட்டுக்குக் குரைக்காத நாயா? திருடன் வந்தா அவனையும் தொட்டு வாங்கன்னு கூப்பிடுமா?"

"அய்யா சொல்லட்டும்."

மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப் போகிறார் என்று வேணி பயந்தாள். அவரோ ராஜபாண்டியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்தார். குட்டியைத் தூக்கிச் சலவைத் துண்டுக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டார்.

"கிளம்புவோம்," என்றார்.

நாலு மாதத்தில் வீடே மாறிப்போனது. வேணி அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், கறுப்பி என்று பேர் வைத்த அந்தக் குட்டி முன்னால் வர, மாமா பின்னால் வந்து இலையில் உட்கார்ந்தார். சிலிண்டர்காரர் வாசலில் நின்றால் இவர் ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தார். ஈரோட்டுப் பேச்சே எழவில்லை. ஒரு வாயில்லா ஜீவன் வந்து மனுசனின் ஆங்காரத்தைக் கரைத்துவிட்டதே என்று வேணி மனதுக்குள் ராஜபாண்டியைக் கும்பிட்டுக்கொண்டாள்.

தெரு வேறு மாதிரி பேசியது. ஒருநாள் பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணன் நாலு பேரோடு வந்தார். கறுப்பி போய்த் திம்மையாவின் முழங்காலைத் தொட்டது. அவர் திரும்பினார்.

"என்ன நவநீதா? எனக்கு எதிர வந்து சொல்லு."

"மல்லாங்கிணறுல குட்டிக்குச் சொல்லி வச்சிருந்தோம் மாமா. வேணாம்னு சொல்லப் போறோம். உங்க தலையிலயே ஊமை நாயைக் கட்டி ஏமாத்துன ஆளு, எங்கள விடுவானா? ஊரே பேசுது. இனி அவன்கிட்ட யாரும் நாய் எடுக்க மாட்டாங்க."

திம்மையா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மகனையும் மருமகளையும் ஒருமுறை பார்த்தார். முதுகை நிமிர்த்தி நின்று சொன்னார்:

"ராஜபாண்டி யாரையும் ஏமாத்தலை. அன்னைக்குத் தட்டு விழுந்தது எனக்குத் தெரியலைன்னு கண்டுக்கிட்டு, இவங்க முன்னாடி என் மானம் போகாம இந்தக் குட்டியைக் குடுத்தாரு. நாலு வருசமா காது கேக்காததை மறைச்சு உங்க எல்லாரையும் ஏமாத்துனவன் நான்தான்."