ரெண்டு கூடை ஏர் ஃப்ரையர்

திண்டிவனம் பைபாஸை ஒட்டிய அந்தக் குடோன் கடையில், ஒற்றைக் கூடை ஏர் ஃப்ரையர்கள் பக்கமே தையல்நாயகி திரும்பவில்லை.

"ரெண்டு கூடை வச்சதைக் காட்டுப்பா. ஒண்ணோட வாசனை இன்னொண்ணுல ஒட்டக்கூடாது."

பின்னால் நின்ற மருமகள் அமலாவுக்குத் திக்கென்றது. காதல் கல்யாணம், வேறு சாதி, வேறு மதம். மாமியார் இப்போதுதான் மனமிறங்கி வீட்டில் சேர்த்திருந்தார். சேர்த்த கையோடு தீட்டுப் பார்க்கிறாரா?

"ஒரு கூடையே போதும் அத்தை. இது இடத்தை அடைக்கும்."

"அடைச்சா அடைக்கட்டும். உன்னுது வேற, எங்களுது வேற. கலக்கவே கூடாது."

கடைக்காரர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார். அமலாவுக்கு முகம் எரிந்தது. கணவனுக்காக இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"நான் தொட்டது உங்களுக்கு ஆகாதுன்னா நேராவே சொல்லிடுங்க அத்தை. நாங்க தனியா போயிடறோம்."

தையல்நாயகி திகைத்துப்போனார்.

"இன்னாம்மா பேசற? ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்னு நீ கவுச்சியைத் தொடாம வெறும் மோரை ஊத்தி சாப்டுக்கினு இருக்க. எங்களுக்கோ மீன் இல்லன்னா சோறு எறங்காது. அந்த வாசனை பட்டு உன் நோன்பு கெட்டுப்போனா, பாவம் எனக்குத்தானே?"

அமலா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து அவள் இருந்துவந்த நோன்பு அது.