சாகப்போகிற பேட்டரி
மதியம் ஒன்றே கால் மணி வெயில் ஜன்னல் கம்பி வழியே விழ, ஒரகடம் ஹாஸ்டல் அறைத் தரையில் மாரிராஜ் கம்பெனி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிறான். மடியில் எலெக்ட்ரிக் கிட்டார், காலடியில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல், பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். சென்னை இசைக்குழுவுக்கு இரண்டு மணிக்குள் ஒரு பாட்டு பதிந்து அனுப்பியாக வேண்டும். போன தடவை கேட்ட அதே கதகதப்பான ஒலிதான் வேண்டுமாம். அன்றைக்குப் பெடலில் கிடந்தது தீரப்போகிற பேட்டரி. புதுசு போட்டால், குமிழ்களை எப்படித் திருகினாலும் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். ஃபேக்டரியில் மீட்டர்களிலிருந்து கழற்றிப் போட்ட மூன்று பழைய ஒன்பது வோல்ட் பேட்டரிகளை, எதில் எவ்வளவு மிச்சமென்று அறிய, ஒவ்வொன்றாக நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறான். முதலாவது சுரீரென்கிறது. இரண்டாவதில் உயிரே இல்லை. மூன்றாவது எறும்பு ஊர்வதுபோல் கூசுகிறது. அதைப் பொருத்தித் தந்தியை மீட்டுகிறான். ஒலி இளஞ்சூடாக அறையை நிறைக்கிறது. தகர அலமாரி கூடவே முனகுகிறது. "ஷிப்ட் பஸ் வந்து நிக்குது, நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்கிறான் வாசலில் நிற்கும் அறைத்தோழன் ஜெபகுமார். "ஒரே பாட்டுடே, போன்ல ரெக்கார்டை அமுக்கு." ஜெபகுமார் அமுக்குகிறான். பாதிப் பாட்டில் ஒலி தேய்கிறது, பெடலின் சிவப்பு விளக்கு அணைகிறது. வெளியே ஹாரன் விடாமல் அடிக்கிறது. மாரிராஜ் பேட்டரியைக் கழற்றி மறுபடி நாக்கில் வைத்து, கண்ணை இறுக மூடி அழுத்துகிறான். கூசவில்லை. கன்னத்தில் வழிந்து வந்த உப்புதான் கரிக்கிறது.