குளிரில் வைத்த மருந்து

மருந்து எப்போதாவது சூட்டில் கிடந்ததா என்று டாக்டர் கேட்கச் சொன்னார்.

சுபாஷினி அதைத் தமிழில் கேட்டதும் இராசநாயகத்துக்குச் சுருக்கென்றது. சக்கர வீடான காரவனில் குடியிருப்பவர்கள் என்றால் எல்லோருக்கும் ஓர் இளக்காரம்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய மகள் நிருஜா கிடந்தாள். பன்னிரண்டு வயது. காலையில் எழுப்ப எழுப்ப எழும்பவில்லை. மூச்சு மட்டும் தூரத்திலிருந்து ஓடி வந்தவளுடையதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் முதலில் விசாரித்ததும் அவளுடைய இன்சுலினைப் பற்றித்தான்.

சுபாஷினி வேறொரு வார்டு நர்ஸ், மலேசியாக்காரி. தமிழ் தெரியும் என்பதால் அவளை மேல்மாடிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். தாய் தகப்பனோடு பேசிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அவளும் வந்தாள்.

இராசநாயகம் ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். விளக்குவது என்றால் அவருக்கு எந்த இடமும் எந்த நேரமும் ஒன்றுதான்.

நியூசிலாந்தின் மனுரேவாவில் ஒரு வீட்டின் பின்வளவில் நிற்கிறது அவர்களுடைய காரவன். வந்த நாளிலிருந்து அதற்குள் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் காலை வாரின. முதலில் தண்ணீர் பம்ப் நின்றது. பிறகு அடுப்பின் ஒரு பக்கம் எரிய மறுத்தது. இந்த நாட்டில் கோடை தையில்தான்; தை பிறந்து வெயில் ஏறியபோது, காஸில் ஓடும் ஃபிரிட்ஜும் போய்விட்டது.

இன்சுலினுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்கள் முழுவதும் மகளுடைய மருந்தை ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியவள் அவர் மனைவி வசந்தமலர். இங்கே முட்டிக்கு எங்கே போவது? மண்ணால் செய்த பூச்சாடி ஒன்று வாங்கினாள். கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்தாள். ஈரச்சாக்கு சுற்றி, காரவனுக்கு அடியில் நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள்.

பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள்.

அவருக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரில் பம்புசெட் திருத்தியவர். நியூசிலாந்துக்கு வந்தும் பூச்சாடியா என்று மனைவியைப் பகிடி பண்ணினார். ஈஸ்ட் டாமாக்கி என்ற இடத்தில் அவரோடு வேலை செய்யும் ஒருவர் வழி சொல்லிக் கொடுக்க, ஃபிரிட்ஜைக் கழற்றி ஒரு நாள் முழுவதும் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்திருந்தது. அதை முழுக் குளிரில் வைத்துக் கம்பியால் இறுக்கினார்.

ஃபிரிட்ஜ் ஓடியது. பால் கட்டியானது. தக்காளியைச் சுத்தியலால்தான் உடைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மருந்துப் போத்தல்களைப் பூச்சாடியிலிருந்து எடுத்து, ஃபிரிட்ஜின் ஆகக் குளிரான மூலையில், ஐஸ் தகட்டோடு ஒட்டித் தன் கையாலேயே வைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் நிருஜா போத்தல் போத்தலாகக் குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். மகள் குடிக்கும் அழகைப் பார்த்து அவருக்கு மனம் நிறைந்தது. பிறகு அவள் சோர்ந்து படுத்தாள். வெயில் என்று நினைத்தார்கள். பிறகு வாந்தி எடுத்தாள். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினும் பழுதாகிக் கிடந்தது. வசந்தமலருக்கு மட்டும் சந்தேகம். ஊசி மருந்தைக் கொஞ்சம் கூட்டிக்கூடப் போட்டுப் பார்த்தாள்.

நாட்டுக்கு வந்த புதிதில் கிளினிக் நர்ஸ் ஒருத்தி மருந்தை எப்படி வைத்திருப்பது என்று சொல்லத்தான் தொடங்கினாள். இராசநாயகம் கையமர்த்தினார். சண்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய மருந்து, எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றார். அவர்களுக்குத் தெரிந்த பகை சூடு ஒன்றுதான். அதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருக்கும் என்று நினைக்க, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு ஒருநாளும் அவ்வளவு குளிர் வாய்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைக் கைகாட்டியபடி அவர் நிமிர்ந்து நின்றார்.

“சூடோ? அது ஒருநாளும் சூட்டைக் காணேல்லை, பிள்ளை. காலமையில எடுக்கேக்க கல்லுமாதிரி ஐஸாக் கிடக்கும். நான் கைக்குள்ள பொத்தி வைச்சு இளக்கித்தான் இவவிட்டைக் குடுக்கிறனான்.”

டாக்டர் சுபாஷினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் மருந்தாகாது, இத்தனை நாளும் பிள்ளைக்கு ஏறியது தண்ணீருக்குச் சமம், அதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நாளை வரைக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

இரண்டும் சுபாஷினிக்குத் தமிழில் உடனே வந்தன. சொல்லத்தான் வாய் வரவில்லை.

டாக்டரின் அமைதியை இராசநாயகம் மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டார். தங்களிடம் இவ்வளவு நல்ல குளிர் இருக்கும்போது, இன்னும் நாலு போத்தல் தந்தாலும் பழுதாகாமல் வைத்திருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லும்படி கேட்டார்.

வசந்தமலர் டாக்டரைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுபாஷினியின் முகத்தை. எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“இண்டைக்குக் காலமையும் நான்தான் ஊசி போட்டனான். என்னத்தைப் போட்டனான் எண்டு சொல்லு, பிள்ளை.”