யாரிடமிருந்து வந்தது?

"ரெண்டு பேருக்குமே பாசிட்டிவ். சொல்லு, உனக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். ஆனாலும் முகம் கடுகடுவென்று இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யார்கிட்டேர்ந்தும் இல்ல. உன்னைத் தவிர நான் யாரோடயும் இல்ல."

"அப்போ எனக்கு வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவள் தன் கையிலிருந்த காகித டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. அவனுடையதும் அப்படியேதான்.

பயந்துவிடாதீர்கள், எல்லாம் விளையாட்டுதான். பல்கலைக்கழகத்தில் அன்று எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பு. வெறும் பேச்சு என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று, வந்திருந்த நர்ஸ் சுருக்கமாகப் பேசிவிட்டு ஆளுக்கொரு டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டார்.

"ஒரே ஒரு டம்ளர்ல மட்டும் ஒரு பொடி கரைச்சிருக்கேன். அதுதான் எச்.ஐ.வி.ன்னு வெச்சுக்குங்க. பார்த்தா எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்றார். "யாரோட வேணும்னாலும் தண்ணியை மாத்தி ஊத்திக்கலாம். வேணாம்னா சும்மா இருக்கலாம். கடைசியில நான் ஒரு சொட்டு மருந்து விடுவேன். பிங்க் ஆனா பாசிட்டிவ்."

அவள் நூலகத்திலிருந்து வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய அவனுடைய அறைத்தோழன், கை சும்மா இருக்க மாட்டாமல், "எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போமே மச்சான்" என்று டம்ளரை நீட்டினான்.

இவன் வாசலைப் பார்த்தபடியே கொஞ்சம் ஊற்றினான், கொஞ்சம் வாங்கிக்கொண்டான். விரலில் வழிந்தது வழவழவென்றிருக்க, பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். அதற்குள் அவளும் வந்து ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவனுக்கு உலகமே மறந்துபோயிற்று.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணமே நடக்கிற மாதிரி பயபக்தியோடு தண்ணீரை மாற்றிக்கொண்டார்கள். ரேடியோவோ வரிசை வரிசையாகப் போய், கண்ணில் பட்டவர்களோடெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் சொட்டு விட ஆரம்பித்ததும் இங்கொன்றும் அங்கொன்றுமாக டம்ளர்கள் நிறம் மாறின. பாதி வகுப்பு சிரித்தது, மீதி வகுப்பு திருதிருவென்று விழித்தது.

"எனக்கும் பிங்க் மச்சான்," என்று ரேடியோ ஏதோ பரிசு விழுந்ததுபோல் டம்ளரைத் தூக்கிக் காட்டினான். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள வந்ததும் கடைசி பெஞ்சுல நின்னு பேசிக்கிட்டிருந்தியே, அந்த நெட்டைப் பையனோட ஊத்தினியா?"

"நோட்ஸ் கேட்டான், குடுத்தேன். அவ்வளவுதான்."

"அவன் டம்ளரும் பிங்க்."

"இருந்துட்டுப் போகட்டும். உன்னோட மட்டும்தான் ஊத்தினேன். நீ யாரோட ஊத்தின?"

"நானா? உன்னைத் தவிர நான் யாரையாவது நிமிர்ந்து பார்த்திருக்கேனா? என்னையே கேக்கறியா?"

அவன் சொன்னதில் கள்ளமே இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுடைய அப்பாவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது. இப்போது அத்தனையும் ஒரு காகித டம்ளரில் கரைந்துகொண்டிருந்தது.

"இது வெறும் தண்ணி. இதுக்குப் போய் ஏன் இப்படிக் குதிக்கற?"

"தண்ணிதான். தண்ணியிலயே பொய் சொல்றவ நிஜத்துல என்னதான் பண்ண மாட்ட?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே எனக்கு எச்.ஐ.வி. இருந்தா என்ன பண்ணுவ?"

"அந்த நிமிஷமே கிளம்பிடுவேன்."

"மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டா எல்லாரையும் போல வாழலாம்னு சொட்டு விடறப்போ சிஸ்டர் சொன்னாங்களே?"

"அதெல்லாம் கேக்க நல்லா இருக்கும். யார்கிட்டேர்ந்து ஆரம்பிச்சுதோ அவங்கதான் அனுபவிக்கணும். கூட இருக்கறவன் ஏன் அனுபவிக்கணும்?" என்றான் அவன். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இருடா" என்று அவனையும் அடக்கிவிட்டு முடித்தான்: "ஞாயித்துக்கிழமை நான் வரல. உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் டம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டே அவர்கள் பெஞ்சுக்கு வந்தார். ஒவ்வொன்றையும் உயர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். எச்.ஐ.வி. டம்ளரில் மட்டும் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருந்தார். அது இன்னும் கைக்கு வரவில்லை.

அவன் தன் டம்ளரை நீட்டினான்.

"சிஸ்டர், முதல்ல யார்கிட்ட இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? இவளுக்குப் புரியற மாதிரி கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க."

நர்ஸ் டம்ளரை உயர்த்தி அடியில் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சதே உன் டம்ளர்லதான் தம்பி."