உடன் வசிப்பவர்

“தாடையைக் கொஞ்சம் தூக்குங்க சார். ம்… அப்படியே இருங்க. ஆனா பேசிக்கிட்டே இருங்க. பேசினாத்தான் எனக்கு முகம் பிடிபடும்.”

எதிரில் வந்து உட்காரும் எல்லோரிடமும் ஓவியர் முதலில் சொல்வது இதைத்தான். இன்று உட்கார்ந்திருந்தவர் குடியேற்ற அலுவலகத்து அதிகாரி.

“கடல் தாண்டி வந்து பதினெட்டு வருஷமா முகமா வரைஞ்சு தள்ளியிருக்கீங்க. ஆனா உங்க பேரை நான் கேள்விப்பட்டதே இல்லையே?”

“எனக்கே அப்பப்ப மறந்துடும் சார்.”

அதிகாரி சிரித்தார். பிறகு குரல் கறாரானது. “ரெண்டு வருஷமா நீங்க வெளியில தலைகாட்டறதே இல்லைன்னு புகார் வந்திருக்கு. இப்பவும் வரையறீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். தொழில் இல்லைன்னா அனுமதி இல்லை. ரெண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

ஓவியரின் மனைவி ஜன்னலோரம் நின்று கந்தலில் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கட்டி எங்கே போவது? பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பயமும் ஒரு வேலைதான். செய்து செய்து அலுத்துவிட்டது. அதிகாரியின் புருவத்தை வெட்டியிருந்த தழும்பையும், சிரித்து முடித்தபிறகும் கலையாத கன்னத்து மடிப்பையும் பார்த்தபடியே நின்றாள்.

“நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க? தாள்ல ‘உடன் வசிப்பவர்’னு மட்டும்தான் போட்டிருக்கு.”

“சும்மாதான் சார் இருக்கேன். துடைக்கிறது, கழுவுறது.”

“கொடுத்து வச்சவங்க!”

ஒரு மணி நேரம் தூரிகை உரசிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதிகாரி எழுந்து, சோம்பல் முறித்து, கேன்வாஸைச் சுற்றிவரப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“பாதி முகத்தைக் காட்டினா இவருக்குக் கோபம் வந்துடும் சார். அப்புறம் மூணு நாளைக்கு என்கிட்ட பேச மாட்டார்.”

“மூணு நாளா! எங்க வீட்டுல எனக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லைம்மா.”

வாசலில் நின்று அதிகாரி சொன்னார்: “வெள்ளிக்கிழமை படத்தோட ஆபீசுக்கு வந்துடுங்க. அதுல என் முகம் இருந்தா உங்க தாள்ல முத்திரை இருக்கும். வேற யார் முகமாவது இருந்துச்சுன்னா…” முடிக்காமல் படியிறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் தெருவில் கரையும் வரை இருவரும் காத்திருந்தார்கள். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கேன்வாஸைத் திருப்பினாள். முகம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகள், பாதி விளிம்புக்கு வெளியே ஓடியிருந்தன. துடைத்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கிக்கொண்டாள்.

ஓவியர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அவருக்கு மீசை உண்டா?”